ஆய்வுக்கூடத்துக் குருத்தணுவும் ஊசியில் விற்கப்படும் குருத்தணுவும்
வளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மற்றும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து நம் குழந்தைகள் பிரிவுக்கு வரும் பெற்றோர் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளைக்குச் சரியாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?" என்பதே அது. அண்மையில் ஒரு தந்தையார், வெளியூர் மையம் ஒன்று அச்சிட்ட விளம்பரத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான்கு வயதாகியும் பேசாத மகனுக்காக வீட்டுமனையை விற்பதற்கு முன்பணம் பெறவிருப்பதாகவும், அதற்குமுன் நம்மிடம் ஒரு சொல் கேட்டுப் போக வந்ததாகவும் கூறினார். அவரைப் போன்ற பெற்றோருக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குருத்தணு என்றும் ஸ்டெம் செல் என்றும் வழங்கப்படும் ஒரே சொல்லின்கீழ் இரண்டு வேறுபட்ட செயல்கள் நடைபெறுகின்றன. ஒன்று, நோயின் காரணத்தை அறிவதற்காக ஆய்வுக்கூடங்களில் நடக்கும் பணி. மற்றொன்று, காரணமே அறியாமல் காசு பெற்றுக்கொண்டு உடலில் செலுத்தும் பணி. முன்னதை உங்களுக்கு அறிமுகப்படுத்தவும் பின்னதைப் பற்றி எச்சரிக்கவும் விரும்புகிறோம்.

குறை எங்கே தொடங்குகிறது?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உள்ளன. எந்த உறுப்பு எப்போது, எவ்வாறு உருவாக வேண்டும் என்ற குறிப்பு அவற்றில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சத்திரப்பட்டித் தறிகளில் பேண்டேஜ் துணி நெய்யப்படுவதை நம் பகுதியினர் அறிவர். பாவில் ஓர் இழை பிசகினால், அது துணியின் ஒரு முழத்தோடு நின்றுவிடாது. நெய்து முடியும் வரை அக்குறை தொடரும். கருவின் முதல் உயிரணுவில் இருக்கும் மரபணுப் பிழையும் அத்தகையதே. அவ்வுயிரணு பிரிந்து பெருகும்போது பிழையும் உடன் படியெடுக்கப்படுகிறது.

இப்பிழைகள் மூன்று வழிகளில் நேரலாம்.

முதலாவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுதுடைய மரபணு வந்து சேர்தல். ஒவ்வொரு மரபணுவுக்கும் நம்மிடம் இரண்டு படிகள் உள்ளன. ஒரு படி பழுதாயினும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். ஆகவே பெற்றோர் நலமாகவே இருப்பர். இருவரின் பழுதுபட்ட படிகளும் ஒரு குழந்தையில் சேரும்போதே நோய் வெளிப்படுகிறது. இதற்கான வாய்ப்பு ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று.

இரண்டாவது, தாயின் எக்ஸ் குரோமோசோமில் உள்ள பழுது மகனுக்கு வருதல். மகளுக்கு மற்றோர் எக்ஸ் குரோமோசோம் துணையாக இருப்பதால் அவள் பெரும்பாலும் தப்பிவிடுவாள். மகனுக்கு அத்துணை இல்லை.

மூன்றாவது, பெற்றோர் இருவரிடமும் இல்லாத பிழை, கரு உருவாகும் தருணத்தில் புதிதாகத் தோன்றுதல். கடுமையான வளர்ச்சிக் குறைபாடுகளில் கணிசமானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இங்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். கிரகணத்தின்போது வெளியே வந்ததாலோ, கருவுற்ற காலத்தில் உண்ட ஏதோ ஒரு பண்டத்தாலோ, யாருடைய கண்ணேறாலோ இத்தகைய மரபணுப் பிழை உண்டாவதில்லை. மருமகளைக் குற்றஞ்சாட்டும் குடும்பங்களையும், தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொள்ளும் தாய்மாரையும் நாம் காண்கிறோம். இருவருக்கும் நம் விடை ஒன்றே: இதில் குற்றவாளி எவருமில்லை.

உறவு மணம் பற்றி

அக்காள் மகளையோ மாமன், அத்தை மக்களையோ மணப்பது நம் பகுதியில் நெடுங்கால வழக்கம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கால் பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. அவ்வழக்கத்தை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. அதில் சொத்தும் பரிவும் பாதுகாப்பும் பிணைந்திருப்பதை அறிவோம். உறவில் மணந்த இணையரின் குழந்தைகளில் மிகப்பலர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதும் உண்மை.

ஆயினும் கணக்கு ஒன்று உண்டு. ஒரே பாட்டனாரிடமிருந்து இறங்கிய பழுதுபட்ட படி, கணவன் மனைவி இருவரிடமும் இருப்பதற்கான வாய்ப்பு உறவில் கூடுகிறது. மாமன், அத்தை மக்கள் மணத்தைவிடத் தாய்மாமன் மணத்தில் அவ்வாய்ப்பு இருமடங்கு. ஆகவேதான் மருத்துவர், "நீங்கள் இருவரும் சொந்தமா?" என்று கேட்கிறார். அக்கேள்வியில் பழி இல்லை. பரிசோதனைக்கு வழிகாட்டும் தடயமே உள்ளது.

உறவில் மணந்த குடும்பங்கள் அறிவியலுக்கு அளித்த கொடையும் பெரிது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த அருண் குமார் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களுடன் இணைந்து, தலை மிகச் சிறுத்துப் பிறந்த குழந்தைகளுள்ள இந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தனர். எஸ்.டி.ஐ.எல். என்னும் மரபணுவின் பழுது இக்குறைபாட்டுக்குக் காரணமாகலாம் என்பதை 2009-இல் வெளியிட்டனர். அக்குடும்பங்கள் தந்த சில மில்லி இரத்தம், உலகெங்கும் இதே குறையுள்ள குழந்தைகளின் நோயறிதலுக்குப் பயன்படுகிறது.

பால்கோவாவைப் பாலாக்கிய கதை

மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டறிவது ஒரு படி. அப்பிழை மூளையில் என்ன செய்கிறது என்று அறிவது அடுத்த படி. இங்குதான் பெருந்தடை எழுகிறது. குழந்தையின் மூளையைத் திறந்து பார்க்க இயலாது. குறை நேர்ந்ததோ பிறப்பதற்கு மாதங்களுக்கு முன்பு, கருவறையில். கடந்துபோன அக்காலத்தை எவ்வாறு காண்பது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா ஆக்குவர். பால் பால்கோவா ஆகும். பால்கோவா மீண்டும் பாலாகாது. உயிரணுக்களும் அவ்வாறே என்றுதான் பலர் நெடுங்காலம் எண்ணினர். கருவின் தொடக்க உயிரணு எதுவாகவும் மாற வல்லது. தோலாகவோ இரத்தமாகவோ ஆனபின் அது திரும்புவதில்லை என்று கருதப்பட்டது.

தவளையின் குடலணுக்கருவிலிருந்து தவளைக் குஞ்சை வளர்த்துக் காட்டி, அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர் இங்கிலாந்தின் ஜான் குர்டன். பின்னர் 2006-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்யா யமனாகா, எலியின் தோலணுக்களில் நான்கே மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைத் தொடக்க நிலைக்கே திருப்பினார். 2007-இல் மனிதத் தோலணுக்களிலும் அது கைகூடியது. இவ்விருவருக்கும் 2012-இல் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு இரத்தத்தைக் குருத்தணுவாகத் திருப்பி, அதிலிருந்து நரம்பணுக்களை வளர்க்கலாம். அந்நரம்பணுக்கள் அக்குழந்தையின் அதே மரபணுக்களையும் அதே பிழையையும் கொண்டிருக்கும். குழந்தையைத் தொடாமலே, அதன் மூளை வளர்ச்சியின் தொடக்கக் கட்டங்களைக் கண்ணாடித் தட்டில் காணலாம்.

ஆய்வாளர்கள் கண்டவை

இப்பணியைப் பெரும்பாலும் செய்பவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். முனைவர் பட்டம் பெற்றபின், மூத்த அறிவியலாளர் ஒருவரின் கூடத்தில் சில ஆண்டுகள் ஒரே கேள்வியைப் பின்தொடரும் இளம் ஆய்வாளர்களே அவர்கள். உயிரணுக்களுக்கு விடுமுறை நாள் கிடையாது. ஊட்டநீரைத் தவறாமல் மாற்ற வேண்டும். ஒரு நரம்பணுத் தொகுதி முதிர்வதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். பாதியில் கிருமி புகுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அவ்வாறான ஆய்வாளரே மேடலின் லங்காஸ்டர். ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் யூர்கன் நோப்ளிக் என்பவரின் கூடத்தில், மூளைத் திசுவின் தொடக்க அமைப்பை ஒத்த, பட்டாணி அளவிலான மாதிரிகளைக் குருத்தணுக்களிலிருந்து அவர் வளர்த்தார். 2013-இல் வெளியான அவ்வாய்வில், தலை சிறுத்துப் பிறந்த ஒருவரின் உயிரணுக்களிலிருந்தும் மாதிரிகள் வளர்க்கப்பட்டன. அவை சிறியனவாகவே வளர்ந்தன. காரணமும் தெரிந்தது. முதலில் தம்மைப் பெருக்கிக்கொள்ள வேண்டிய மூல அணுக்கள், காலத்துக்கு முன்பே நரம்பணுக்களாக மாறிவிட்டன. விதைநெல்லை முன்கூட்டியே குத்தி உலையில் இட்டால் அடுத்த போகத்துக்கு விதை எஞ்சாது அன்றோ? மூளை சிறுத்ததும் அவ்வாறே. இம்மாதிரிகள் சிந்திப்பதில்லை, இவை முழு மூளையும் அல்ல. ஆயினும், பிழை எந்தக் கட்டத்தில் தன் வேலையைக் காட்டுகிறது என்பதை அவை காட்டித் தந்தன.

நம் நாட்டிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ரகு படிஞ்ஜாத் குழுவினர், லோவ் நோய்க்குறி உள்ள இந்தியக் குழந்தைகளின் உயிரணுக்களிலிருந்து குருத்தணுக்களை உருவாக்கி ஆராய்கின்றனர். அந்நோய் எக்ஸ் குரோமோசோம் வழியே ஆண் குழந்தைகளுக்கு வருவது. கண்புரை, அறிவு வளர்ச்சிக் குறைபாடு, சிறுநீரகப் பழுது ஆகிய மூன்றையும் ஒருங்கே தருவது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் குருத்தணு ஆராய்ச்சி மையம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது.

அறிதலிலிருந்து சிகிச்சை வரை எவ்வளவு தொலைவு?

இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறோம்.

ரெட் நோய்க்குறி பெரும்பாலும் பெண் குழந்தைகளைத் தாக்குவது. ஓராண்டு வரை நன்கு வளர்ந்த குழந்தை, கற்ற சொற்களையும் கைப்பயன்பாட்டையும் படிப்படியாக இழந்து, கைகளைப் பிசைந்தபடியே இருக்கும். எம்.இ.சி.பி.2 என்னும் மரபணுவே இதற்குக் காரணம் என்பது 1999-இல் அறியப்பட்டது. 2007-இல் ஸ்காட்லாந்தின் ஏட்ரியன் பேர்டு குழுவினர், எலிகளில் அம்மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது நோய்க்குறிகள் பெரிதும் நீங்கியதைக் கண்டனர். மூளை மீட்க முடியாதவாறு அழிந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று. 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்நோயுள்ளவர்களின் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த நரம்பணுக்களில் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் இணைப்புகள் குறைவாக இருப்பதைக் காட்டினர். 2023-இல்தான் இந்நோய்க்கென முதல் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் சில அறிகுறிகளைத் தணிக்கிறதேயன்றி, நோயை நீக்குவதில்லை.

மற்றொன்று டிமோத்தி நோய்க்குறி. இதயத் துடிப்புக் கோளாறும் ஆட்டிசமும் சேர்ந்து வரும் மிக அரிய நோய் இது. செர்ஜியு பாஷ்கா என்னும் மருத்துவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர்பின் ஆய்வாளராக இருந்தபோது, நோயாளிகளின் குருத்தணுக்களிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் அங்கேயே தனிக்கூடம் அமைத்து அதே கேள்வியைத் தொடர்ந்தார். பழுதுபட்ட மரபணுச் செய்தியை மட்டும் அடக்கும் மருந்தொன்று, எலியின் மூளையில் பதிக்கப்பட்ட மனித நரம்பணுக்களின் குறையைச் சீராக்குவதை அவரது குழு 2024-இல் காட்டியது. இடைப்பட்டவை 13 ஆண்டுகள். அதன் பின்னரும் மனிதருக்கு அது பாதுகாப்பானதா என்ற ஆய்வு எஞ்சியிருந்தது.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். இவ்வாய்வுகள் எவற்றிலும் குழந்தைக்குக் குருத்தணு செலுத்தப்படவில்லை. மருந்தைத் தேடுவதற்கான கண்ணாடியாகவே குருத்தணு பயன்பட்டது.

ஊசியாக விற்கப்படுவது எது?

விளம்பரங்கள் கூறும் முறை வேறு. குழந்தையின் எலும்பு மச்சையிலிருந்தோ, பிறர் தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த அணுக்களை இரத்தக் குழாயிலோ முதுகுத்தண்டிலோ செலுத்துகின்றனர். அவை மூளைக்குச் சென்று குறையைச் சீராக்கும் என்கின்றனர். இதில் மூன்று தவறுகள் உள்ளன.

எலும்பு மச்சையின் குருத்தணு இரத்த அணுக்களை உண்டாக்கவே பழகியது; அது மூளைக்குள் நரம்பணுவாகி உரிய இடத்தில் இணைந்துகொள்ளும் என்பதற்கு நிறுவப்பட்ட சான்று இல்லை. குழந்தையின் சொந்த அணுவாயின், அதே மரபணுப் பிழை அதிலும் இருக்கும். தன் தொப்புள்கொடி இரத்தத்தைக் காசு கட்டிச் சேமித்து வைத்தாலும் நிலை இதுவே. மேலும் மயக்க மருந்து, தொற்று, வலிப்பு ஆகிய இடர்களைக் குழந்தை ஏற்க நேரிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரத்த நோய்களுக்கான எலும்பு மச்சை மாற்று போன்ற நிறுவப்பட்ட பயன்பாடுகளைத் தவிர மற்றவை அனைத்தும் ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும் என்கிறது. ஆட்டிசத்துக்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று எனத் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் அறிவித்தது.

உண்மையான ஆய்வை அடையாளம் காண எளிய வழி உண்டு. அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தரும். பாதியில் விலகும் உரிமையை அளிக்கும். சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் பணம் கேட்காது. பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்று செய்யத்தக்கவை

"அப்படியானால் நாங்கள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். இன்றே செய்யத்தக்கவை பல உள்ளன.

ஒன்று, காரணத்தை அறியுங்கள். வளர்ச்சித் தாமதங்களுள் சில, உரிய காலத்தில் கண்டால் எளிய மருந்தால் தடுக்கத்தக்கவை. பிறவித் தைராய்டுக் குறைபாட்டுக்கு முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி காக்கப்படும். பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தே மருந்து. எனவே முதற்கட்டச் சோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு, அடுத்த கருவுக்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள். முதல் குழந்தையின் பிழை இன்னதென்று தெரிந்திருந்தால் மட்டுமே, அடுத்த கருவில் 11 முதல் 13 வாரங்களுக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரங்களுக்குப்பின் பனிக்குட நீரிலோ அதைத் தேட முடியும். கருவுற்றபின் விரைந்து வருவோருக்கு அக்கால அளவு பெரும்பாலும் போதுவதில்லை.

மூன்று, பயிற்சியை இன்றே தொடங்குங்கள். காரணம் தெரியும் வரை காத்திருக்க வேண்டா. 4 மாதத்தில் தலை நிற்காமை, 9 மாதத்தில் உட்காராமை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் பேசாமை, எந்த வயதிலும் கற்றதை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வாருங்கள். இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகள் குழந்தையின் அன்றாட வாழ்வை மாற்ற வல்லவை. அரசின் தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

நான்கு, உரிமைகளைப் பெறுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அறிவுசார் குறைபாடுடையோருக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு முதலியன உடையோருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு அளிக்கிறது. இதில் பயிற்சிச் செலவும் அடங்கும்.

ஐந்து, மெய்யான ஆய்வு உங்களை நாடினால் சிந்தித்து முடிவெடுங்கள். கேட்கப்படுவது பெரும்பாலும் ஒரு குழாய் இரத்தமே. அதனால் உங்கள் குழந்தைக்கு உடனடிப் பயன் இராது என்பதை ஆய்வாளர் மறைக்கக் கூடாது. மாதிரி எங்கே, எத்தனை ஆண்டுகள் வைக்கப்படும், பெயர் மறைக்கப்படுமா, முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படுமா எனக் கேளுங்கள். மறுத்தாலும் உங்கள் குழந்தைக்கான சிகிச்சையில் எக்குறையும் நேராது.

முதலில் குறிப்பிட்ட தந்தையார் வீட்டுமனையை விற்கவில்லை. அவருடைய மகனுக்குச் செவித்திறன் சோதனையும் மரபணுச் சோதனையும் செய்யப்பட்டுள்ளன. பின்னதன் முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையே சிறுவன் வாரம் மூன்று நாள் பேச்சுப் பயிற்சிக்கு வருகிறான். தண்ணீர் வேண்டுமெனில் தம்ளரின் படத்தை எடுத்துத் தாயின் கையில் கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். நோயை நீக்கும் மருந்தை அவனுக்குத் தர இன்று நம்மால் இயலாது. ஆனால் தனக்குத் தாகம் என்பதைத் தாய்க்கு உணர்த்த அவனால் இயல்கிறது.

உங்கள் கையிலும் அத்தகைய விளம்பரத் தாள் ஒன்று இருக்குமாயின், பணம் கட்டுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு நம் குழந்தைகள் பிரிவுக்கு வாருங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.